கண்மாய்க் கரையில் பனை ஊன்றப் போகிறீர்களா? ஆனியிலேயே வேலையைத் தொடங்குங்கள்

பத்து முப்பது பேர் சேர்ந்து ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினால், நான் முதலில் சொல்வது பனை விதை ஊன்றுவதைத்தான். நாற்றங்கால் வேண்டாம், தினமும் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டு வாங்க வேண்டாம். பனங்கொட்டை முளை விட்டதும் முதலில் மண்ணுக்குள் கீழே கீழேதான் போகும். அதனால் கன்றாகப் பிடுங்கி நடுவது கஷ்டம். நேராக நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். இதனால்தான் தோட்ட வேலையே தெரியாதவர்கள்கூட இதில் கலந்துகொள்ள முடிகிறது.

ஆனால் ஊன்றும் அந்தக் காலைப்பொழுது மொத்த வேலையில் சின்னப் பங்குதான். அதற்கு முன்னால் மூன்று மாதம், பின்னால் குறைந்தது இரண்டு வருடம் யார் என்ன பார்ப்பது என்பதை முடிவு செய்யாமல் கூட்டம் சேர்த்தால், போட்டோ மிஞ்சும், மரம் மிஞ்சாது. மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊரில் மகளிர் குழுவும், ஊர் இளவட்டங்களும், பக்கத்துக் கல்லூரியின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகளும் சேர்ந்து இதைச் செய்கிறோம். குழுவின் செயலாளர் என்பதால் திட்டம் போடும் வேலை என் தலையில். எப்படிப் போடுகிறோம் என்பதைச் சொல்கிறேன்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அதற்கு முன் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும், எனவே ஊன்றுவது புரட்டாசியில். பனம்பழம் உதிர்வது ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை, எனவே பொறுக்குவது ஆவணியில். அனுமதி வாங்குவது அதற்கும் முன்னால். இதற்கு ஆகஸ்ட் 15 கிராம சபை மாதிரி வசதியான நாள் வேறு கிடையாது. அன்று தீர்மானம் போட வேண்டுமென்றால் ஆனியிலேயே கரையைப் பார்த்து, கணக்குப் போட்டு, அலுவலகங்களுக்கு நடந்து முடித்திருக்க வேண்டும். அக்டோபர் 2-ம் தேதியும் கிராம சபை உண்டு, விடுமுறையும்கூட. அதனால் பலர் அன்றைக்கே ஊன்றும் நிகழ்ச்சியை வைக்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். தீர்மானத்தை மட்டும் அதுவரை தள்ளாதீர்கள்.

அடுத்தது எத்தனை விதை என்பது. பத்தடிக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு கிலோமீட்டர் கரையில் ஒரு வரிசைக்கு சுமார் 330 கொட்டை. இரண்டு வரிசை என்றால் 650 சொச்சம். அவ்வளவுதான். ‘ஒரு லட்சம் பனை விதை’ என்று நோட்டீஸ் அடிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பத்தடிக்கு ஒன்றாக ஒற்றை வரிசையில் ஒரு லட்சம் ஊன்ற 300 கிலோமீட்டர் கரை வேண்டும். இடம் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால், கொட்டையை முழத்துக்கு ஒன்றாகப் புதைப்பதில்தான் முடியும். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எதுவும் உருப்படியாக வராது. பத்தடியைக் குறைக்காதீர்கள். முதல் வருடம் ஒரு கண்மாய், ஒரு கிலோமீட்டர், 650 குழி. முப்பது பேர் கொண்ட குழுவுக்கு இதுவே நிறைவான வேலை.

இடம் யாருடையது என்று பார்க்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கருக்கு) மேலே இருக்கும் கண்மாய்கள் பொதுவாக நீர்வளத்துறையின் கையில். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நில எல்லையைக் காட்டும் புலப்பட நகலும் அவரிடம் பார்க்கலாம். கரையை ஒட்டிய பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். பட்டாக்காரர் வரப்பில் நாம் பனை ஊன்றிவிட்டால் நல்ல காரியம் வம்பு வழக்காகிவிடும். மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எந்தக் கண்மாய், எந்த மடையிலிருந்து எந்த மடை வரை, எத்தனை விதை, எந்தத் தேதி, பிறகு யார் பொறுப்பு, போன் எண். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அதிகாரி மாறியிருப்பார். அப்போது பேசப்போவது அந்த நகல்தான்.

நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் உதவிப் பொறியாளரையோ பணி ஆய்வாளரையோ ஒருமுறை கரைக்கே அழைத்து வந்து, எந்தப் பக்கம் ஊன்றலாம் என்று கையைக் காட்டச் சொல்லுங்கள். மடை, மிகை நீர் வெளியேறும் கலுங்கு ஆகியவற்றின் பக்கத்தில் ஊன்றக் கூடாது. கரை மேலே ஜேசிபி, டிராக்டர் போக வழி விட்டாக வேண்டும். இல்லையென்றால் கரையைப் பலப்படுத்த வரும் வண்டி உங்கள் வரிசையைத்தான் முதலில் வழிக்கும். எங்கள் கண்மாயில் கரைக்கு வெளிச்சரிவின் அடியில் இரண்டு வரிசை என்று முடிவானது.

அனுமதியை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கரையை அன்றாடம் யார் புழங்குகிறார்கள்? ஆடு மேய்ப்பவர்கள், நீர்ப்பாய்ச்சி, விறகு பொறுக்க வருகிற பெண்கள், நூறு நாள் வேலை ஆட்கள், கண்மாய் மீன் குத்தகைக்காரர். இவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேச ஒரு வாரம் ஒதுக்குங்கள். கிராம சபைக்கு வராதவர்கள் இவர்கள்தான். கரையில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்தவர்களும் இவர்கள்தான். ஆடு மேய்க்கிற அப்பத்தா ஒருவர் எங்களிடம் கேட்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை: “ஏத்தா, கொட்டைய ஊண்டிட்டு நீங்க பாட்டுக்குப் போயிருவீக. தையில கெழங்குக்குப் புள்ளைக தோண்டுமே, அப்ப யாரு நிப்பா?”

அந்த ஒரு கேள்விதான் எங்கள் திட்டத்தையே மாற்றியது. ஊன்றிய மூன்று நான்கு மாதத்தில் மண்ணுக்குள் கிழங்கு திரண்டிருக்கும். பொங்கல் நெருங்கும் நேரம், பனங்கிழங்குக்கு ஆசைப்படாத வீடு எங்கள் பக்கம் இல்லை. கரையில் வரிசையாக, பத்தடிக்கு ஒன்றாக, இடம் காட்டி ஊன்றி வைத்திருக்கிறோம். பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, காவலுக்கு ஆள் போடவும் முடியாது. அதனால் ஊருக்குப் பக்கத்தில், மணல்பாங்கான இடத்தில், தனியாக ஒரு கிழங்குப் பாத்தி போட்டோம். கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு, மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் தெளிப்பது, அவ்வளவுதான் வேலை. தை பிறப்பதற்கு முன்னால் பாத்தியைப் பிரித்து, கரையைப் புழங்குகிற வீடுகளுக்கு முதலிலும், பிள்ளைகளுக்கு அப்புறமும் கிழங்கைக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் அங்கேயே கொட்டையை வெட்டி உள்ளே இருக்கும் தவுணைத் தின்றுவிட்டுத்தான் நகர்வார்கள். ‘இது உங்களுக்கு, கரையில் இருப்பது மரத்துக்கு’ என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் எந்த ஊரில் செய்தாலும் இந்தப் பாத்தியை விட்டுவிடாதீர்கள். இதற்கென்று இருநூறு முந்நூறு கொட்டையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டை பொறுக்குவது ஆவணியில். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலதில் இரண்டோ ஒன்றோ. 650 குழிக்கு 800 கொட்டையாவது வேண்டும், கழிவு போகும். பாத்திக்கும் சேர்த்தால் ஆயிரத்து நூறு. மரத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். யாரும் மறுப்பதில்லை, கேட்காமல் எடுத்தால்தான் மனசு கோணும். ஒரே மரத்தடியில் அள்ளாமல் பல மரங்களிலிருந்து எடுங்கள். நல்லாக் காய்க்கிற மரம், சுவையான பழம் தருகிற மரம் எது என்று பழைய பனையேறிகள் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள். மரத்தை நிமிர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆண் மரமாகும் அலகுப்பனை எது, காய்க்கும் பருவப்பனை எது என்று மட்டும் கொட்டையில் யாராலும் சொல்ல முடியாது. பாளை விடும்போதுதான் தெரியும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் தாண்டிவிடும்.

சுட்ட பழத்தின் கொட்டையும் அவித்த பழத்தின் கொட்டையும் முளைக்காது. பிள்ளைகள் ஆர்வத்தில் வீட்டிலிருந்து கொண்டு வந்து சாக்கில் போடுவார்கள், பார்த்து ஒதுக்குங்கள். மாட்டுத் தொழுவத்தில் மாடு சப்பிப் போட்ட கொட்டை நல்லது. நார் போய்ச் சுத்தமாக இருக்கும், கையாளச் சுலபம். எடுத்ததைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனம் இருக்க வேண்டும், வண்டுத் துளை இருக்கக் கூடாது. இந்தத் தரம் பிரிக்கும் வேலையை நாங்கள் வயசானவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். கடப்பாரை பிடிக்க முடியாதவர்கள், கால்வலிக்காரர்கள், கைப்பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சத்துணவுக் கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொட்டையைக் கனம் பார்த்து எறிவார்கள். முழுத் திட்டத்திலும் பேச்சும் சிரிப்பும் அதிகமாக இருப்பது அந்தச் சாயங்காலங்களில்தான்.

பிரித்த கொட்டையை நிழலில், சிமெண்ட் தரையில் பரப்பி வையுங்கள். மண்தரையில் குவித்து அதன் மேல் மழையும் பெய்தால் அங்கேயே முளை விட்டுத் தரைக்குள் இறங்கிவிடும். பிய்த்து எடுக்கும்போது முளை ஒடிந்தால் அந்தக் கொட்டை போச்சு. சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். ஒரு சிமெண்ட் சாக்குக்கு ஏறத்தாழ நூறு பிடிக்கும். மொத்தத்தையும் கரைக்குக் கொண்டுபோக ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) போதும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டுகிறவர்களை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் வியாழன் இரவுக்குள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசி, வருகிறேன் என்று வாயால் சொன்னவர் பெயரை மட்டும் நோட்டில் எழுதுங்கள். சோறு அந்த எண்ணிக்கைக்குத்தான். கல்லூரிப் பிள்ளைகளை அழைப்பதாக இருந்தால் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடம் ஆடியிலேயே சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை முடிக்க வேண்டும், உங்கள் வேலை அதில் சேரும். கல்லூரிக்குக் கடிதம், வண்டி ஏற்பாடு, வீட்டில் அனுமதி என்று அவர்களுக்கு நாள் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்காதீர்கள். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் சின்னப் பிள்ளைகளே வேண்டாம், பாத்தி வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆண்கள் போடுகிற திட்டத்தில் எப்போதும் விட்டுப்போவது ஒன்று உண்டு. கரையில் கக்கூஸ் கிடையாது. வெளியூர்ப் பெண்பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வருகிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள்? கரைக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு வீட்டில் முன்கூட்டியே கேட்டு, அல்லது பள்ளிக்கூடச் சாவியை வாங்கி, வந்து இறங்கியதும் முதல் அறிவிப்பாக அதைச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று வெயிலில் தாகத்தோடு நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் நான்கு பேர் போதும். பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீளக் கயிறு, ஒரு வாளி சுண்ணாம்புத் தூள். கயிற்றைக் கரையடியில் இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு ஒரு பிடி தூள் போட்டுக்கொண்டே போங்கள். மறுநாள் எங்கே தோண்டுவது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. கூட்டம் தடுமாறுவதே அந்தக் கேள்வியில்தான். சீமைக்கருவேல முள் கிடந்தால் அதையும் அன்றைக்கே இழுத்துப் போட்டுவிடுங்கள். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். வருகிறவர்கள் எல்லோரும் ஷூ போட்டு வர வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

அன்றைக்குக் காலை ஆறரைக்குக் கரையில் இருக்க வேண்டும். இருவர் இருவராகப் பிரித்துவிடுங்கள்: ஒருவர் கடப்பாரையோ மண்வெட்டியோ பிடித்துக் குழி எடுக்க, மற்றவர் கொட்டை வைத்து மண் தள்ள. கொஞ்சம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். தெரிந்தவரும் தெரியாதவருமாக ஜோடி சேர்ப்பது நல்லது. கல்லூரிப் பையன் ஒருவனும் எங்கள் குழு அக்கா ஒருவரும் ஜோடி என்றால் வேலையும் நடக்கும், பேச்சும் நடக்கும். அரையடி ஆழம் போதும். கொட்டையைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, நான்கு விரல் கனத்துக்கு மண் மூடி, காலால் லேசாக மிதித்துவிட வேண்டும். மரத்திலிருந்து விழுகிற கொட்டை கிடந்தபடிதானே முளைக்கிறது, அதனால் தலைகீழ் நேர்கீழ் என்று குழம்ப வேண்டாம். ஒரு சாரல் விழுந்து மண் பதமாக இருந்தால் ஒரு குழிக்கு மூன்று நிமிடம். பதினைந்து ஜோடி, ஜோடிக்கு நாற்பது சொச்சம் குழி, ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். மண் காய்ந்து கட்டியாக இருந்தால் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். கட்டாந்தரையில் கடப்பாரை போட்டுக் கை கொப்பளித்தவர் மறுவருடம் வர மாட்டார்.

பத்து ஜோடிக்கு மேல் இருந்தால் கரையை மூன்று துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பொறுப்பாளர் போடுங்கள். சாக்குகளை முன்னாலேயே ஐம்பதடிக்கு ஒரு குவியலாக இறக்கி வைத்துவிட்டால், கொட்டைக்காக யாரும் நடக்க வேண்டியதில்லை. கையுறை, தண்ணீர்க் குடம், எவர்சில்வர் டம்ளர், முதலுதவிப் பெட்டி, கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணீர். பிளாஸ்டிக் கப்பையும் ஃபிளெக்ஸ் பேனரையும் கரைக்குக் கொண்டு வர வேண்டாம். கல்லிடுக்கில், புதருக்குள் கையை விடக் கூடாது என்று தொடங்கும் முன் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. ஆளை அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கரைக்குக் கிட்டே ஒரு கார் நிற்கட்டும், ஓட்டத் தெரிந்தவர் கூடவே இருக்கட்டும்.

சிறப்பு விருந்தினர் உண்டென்றால் அவரை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்கள். ஆறரைக்கு என்று சொல்லி அவருக்காக எல்லோரும் காத்திருந்தால் நல்ல குளிர்ந்த நேரம் முழுக்க வீணாகும். ஒன்பது மணிக்கு வந்தால் கடைசி வரிசையில் அவர் கையாலும் நாலு கொட்டை ஊன்றட்டும், அப்படியே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். காலைச் சாப்பாட்டுக்கு வெண்பொங்கலும் சாம்பாரும் போதும்.

சரி, எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இனிமேல்தான் பொறுமை வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து, பச்சையே காணோமே, பட்டுப்போச்சே என்று யாராவது சொல்வார்கள். மேலே ஒன்றும் தெரியாது. முதல் ஓலை வெளியே தலைகாட்ட அடுத்த ஆடி ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அப்படி வருகிற ஓலை பனையோலை மாதிரியும் இருக்காது. விசிறியாக விரியாமல், கத்தி மாதிரி நீளமாக, ஒற்றை ஓலையாக நிற்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது கோரைதான். கரையைச் சுத்தம் செய்ய வருகிற நூறு நாள் ஆட்கள் அதைச் செதுக்கிப் போட்டுவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பே கிடையாது. ஆகவே முதல் ஓலை வந்ததும் பணித்தளப் பொறுப்பாளரையும் வேலைக்கு வருகிற பெண்களில் நாலைந்து பேரையும் கூட்டிப்போய் நேரில் காட்டிவிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளையடித்த ஒரு கல்லை வைத்தால் இன்னும் நல்லது. கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிற பழக்கம் உள்ள கரை என்றால் மாசியிலேயே வரிசையைச் சுற்றிப் புல்லை அறுத்துவிட வேண்டும். ஓலை கருகினாலும் குருத்து மண்ணுக்குள் இருப்பதால் சிலது மீண்டு வரும். எல்லாம் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

கரையின் மூன்று துண்டுக்கும் அன்று இருந்த பொறுப்பாளர்களே இரண்டு வருடத்துக்கும் பொறுப்பு. அவர்கள் உள்ளூர்க்காரர்களாக, முடிந்தால் அந்தக் கரை வழியாகத் தினமும் போகிறவர்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு துண்டை அந்த அப்பத்தாவே பார்த்துக்கொள்கிறார். அவர் ஆடு அந்தப் பக்கம் போனாலும் ஓலையில் வாய் வைக்காது, மற்றவர் ஆட்டையும் விரட்டிவிடுவார். மராமத்துக்கு ஜேசிபி வரப்போகிறது என்று தெரிந்தால் உடனே போன் வர வேண்டும். அன்றைக்கு முத்திரை வாங்கி வைத்த மனு நகலை எடுத்துக்கொண்டு இருவர் கரையில் போய் நிற்க வேண்டும். இடம் காட்டினால் ஓட்டுநர்கள் ஒதுக்கித்தான் ஓட்டுகிறார்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். துண்டு வாரியாக எத்தனை குழி, எந்தத் தேதி, யார் ஊன்றியது, பொறுப்பாளர் எண். அடுத்த வருடம் ஆடிப்பெருக்கு முடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு அதே நான்கு பேர் கரையடியில் நடந்து, முளைத்தது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எழுதி வாருங்கள். சிலது முளைக்காமல் போயிருக்கும், சிலதைப் பெருச்சாளி பறித்திருக்கும், இது எல்லாக் கரையிலும் உள்ளதுதான். நோட்டில் காலியாக விழுந்த குழிகளைக் கூட்டிப் பாருங்கள். வரும் ஆவணியில் எத்தனை கொட்டை பொறுக்க வேண்டும் என்ற கணக்கு அதிலேயே இருக்கும்.